ஹார்லோவுக்கு ஒரு குடும்பம்

"அந்த ஊர்ல பூட்டே விக்காது, சிஸ்டர். வாசக்கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்கலாம்."

சந்திரமௌலி அடுத்த ஸ்லைடைத் தள்ளினான். பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு இருட்டாக்கியிருந்த ஹாலில், சுவர் முழுக்க ஒரு தெரு விரிந்தது. இரண்டு பக்கமும் மரங்கள், புல்வெளி, வெள்ளை வீடுகள். ஓர் ஆள்கூட இல்லை.

"திருடறதுக்கும் ஆள் வேணுமே," என்றாள் அனுசூயா.

பாலசந்திரன் மனைவியை முறைத்தான். சந்திரமௌலி அவனோடு கல்லூரியில் படித்தவன், அமெரிக்காவின் நடுவில் ஹார்லோ என்ற சின்ன ஊரிலிருந்து கனடாவுக்கு, மாண்ட்ரீல் வரைக்கும் காரோட்டி வந்திருக்கிறான். அங்கே நகராட்சி இன்ஜினியர். புதுத் தொழில்களையும் குடும்பங்களையும் ஊருக்கு இழுத்து வரும் பொறுப்பையும் அவன் தலையில் வைத்திருந்தார்கள். வேலையிடத்திலும் பிரெஞ்சுதான் என்று சட்டம் வந்து, மாண்ட்ரீலிலிருந்து கம்பெனிகள் டொரோண்டோவுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. பாலசந்திரனின் கம்பெனியும் அந்த வரிசையில் நின்றது.

"பாலா, பம்ப் டிசைன்ல உன்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. இன்னும் எத்தனை நாள் ஒருத்தன்கிட்ட கைகட்டி நிப்பே? ஷெட் போட நிலம் சும்மா குடுக்கறோம். அஞ்சு வருஷம் வரி கிடையாது. முக்கியமா, பிரெஞ்சு கிடையாது."

அந்தக் கடைசி வார்த்தை அனுசூயாவைச் சுட்டது.

"பிரெஞ்சு இருந்தா என்ன? பனியில பஸ் பிடிச்சு, ராத்திரி வகுப்புக்குப் போய்ப் படிச்சேன். இன்னிக்கு பிரெஞ்சு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். நான் உள்ளே போனா பசங்க 'மதாம்'னு எழுந்து நிக்கறாங்க. உங்க ஃபிரெண்டு இத்தனை வருஷமா 'போன்ஜூர்' தாண்டல. அதுக்கு நான் ஊரை விட்டுப் போகணுமா?"

"அங்கே நீங்க வேலைக்கே போக வேணாம், சிஸ்டர். பாலா முதலாளி ஆயிடுவான். நீங்க நிம்மதியா வீட்ல இருக்கலாம்."

"வேலை அலுத்துப்போச்சுன்னு உங்ககிட்ட வந்து அழுதேனா?"

"அனு, விருந்தாளிகிட்ட இப்படியா பேசறது?" என்றான் பாலசந்திரன்.

"விருந்தாளி சாப்பிட்டாச்சு. இப்ப என் வேலையில கை வெக்கறார்."

சந்திரமௌலி அவசரமாக ஸ்லைடை மாற்றினான். சாம்பல் நிறத்தில் ஓர் உயரமான கட்டடம் வந்தது.

"இதென்ன, சினிமா தியேட்டரா?"

"இல்ல... சோளம் கொட்டி வெக்கற டவர்."

"அதுக்குப் பின்னால?"

"பின்னாலயும் சோளம்தான்."

பாலசந்திரன் தொண்டையைக் கனைத்தான். "அனு, இதை இழுத்துக்கிட்டே போக வேணாம். நான் முடிவு பண்ணிட்டேன்."

"முடிவு பண்ணினப்புறம் எனக்கு எதுக்குப் படம் காட்டறீங்க?" என்று எழுந்துபோய்த் திரைச்சீலையை விலக்கினாள். வெயில் விழுந்ததும் சுவரிலிருந்த ஊர் காணாமல் போயிற்று. பத்து வருஷமாக மாண்ட்ரீலின் இந்தப் புவாண்ட்-கிளேர் வீட்டில் கட்டிக் காத்ததையெல்லாம், சாப்பிட்ட கை காய்வதற்குள் இரண்டு ஆண்கள் பேசி முடித்துவிட்டார்கள்.

சந்திரமௌலி புரொஜெக்டரை அணைத்தான். குரல் இறங்கியிருந்தது.

"சிஸ்டர், நிலம், வரி எல்லாத்தையும் விடுங்க. அங்க என் சியாமளா இருக்கா. உங்க பேரைச் சொன்னதிலேர்ந்து எப்ப வருவாங்க, எப்ப வருவாங்கன்னு துளைச்சு எடுக்கறா. கொலு வெச்சு, மேயர் சம்சாரத்துக்குச் சுண்டல் குடுத்தவ. தமிழ்ல பேச அவளுக்கு என்னை விட்டா ஆளில்ல. நீங்க வந்தா கூடப் பிறந்தவ மாதிரி இருப்பா."

அனுசூயாவின் கோபம் முதல் தடவையாக இடறியது. ஆளில்லாத அந்தத் தெருவில் ஒருத்தி கொலு வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் எப்படி 'வரமாட்டேன்' என்று சொல்வது?

"அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"பசங்களுக்கு ஸ்கூல். வீட்டையும் பார்த்துக்கணும்."

"பூட்டே வேண்டாத ஊர்ல வீட்டை எதுக்குப் பார்த்துக்கணும்?"

சந்திரமௌலி புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனான். ஸ்லைடு பெட்டியை எடுத்துக்கொண்டு பாலசந்திரனும் பின்னால் போனான்.

போன் அடித்தது. அனுசூயா எடுத்தாள்.

"நான் சியாமளா, சந்திரமௌலியோட வைஃப். அவர் பக்கத்துல இருக்காரா?"

"அட, சியாமளாவா? இவ்வளவு நேரம் உங்களைப் பத்தித்தான் பேச்சு. அவர் காருக்குப் போயிருக்கார். இருங்க, கூப்பிடறேன். டிரங்க் கால்ல சார்ஜ் ஏறுமே."

"டிரங்க் கால் இல்லீங்க. இங்கே மாண்ட்ரீல்லயே, வில்லரேலேர்ந்துதான் பேசறேன். பசங்களைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்கு வந்து ஒரு வருஷமாகப் போகுது. அவரைக் கூப்பிடாதீங்க. உங்ககிட்டதான் பேசணும்."

அனுசூயாவின் தளர்ந்த கோபம் இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. "உங்க வீட்டுக்காரர் வாய் கூசாம இவ்வளவு பொய் சொன்னாரா? உள்ளே வரட்டும், இன்னிக்கு நான் கேக்கற கேள்வியில..."

"ஐயோ, அவரைத் திட்டாதீங்க. எல்லாம் என்னாலதான். காலையில இங்க வந்து, நீங்க பாதி சம்மதிச்சாச்சுன்னு சந்தோஷமா சொல்லிட்டு, இந்த நம்பரையும் குடுத்துட்டுப் போனார். எனக்குக் கை காலே ஓடல."

"ஏன், என்ன ஆச்சு?"

எதிர்முனையில் குரல் கிசுகிசுப்பாகியது.

"ஹார்லோவுக்கு ஒரே ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கூட்டிட்டு வாங்க, நானும் அன்னிக்கே திரும்பி வந்துடறேன்னு சாமி படத்துக்கு முன்னால அவருக்குச் சத்தியம் பண்ணிட்டேன். யாரும் வர மாட்டாங்கன்னு நம்பித்தாங்க பண்ணினேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சம்மதிச்சுடாதீங்க."