முகம் பொருந்தியது

“டீச்சர், சத்துமாவு லிஸ்ட்ல இருந்து என் பேரை நீக்குங்க.”

கேட்கவே கூடாதென்று மாமியார் சொல்லி அனுப்பியதைத்தான் அங்கன்வாடியில் முதலில் கேட்டேன்.

பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த அல்ஃபியா மூன்றாவது முறையாகச் செல்போனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். முகம் பொருந்தவில்லை.

“இவ ஆதார்ல பள்ளிக்கூடத்துப் போட்டோ. முகம் சேந்தாத்தான் சத்துமாவுன்னு உத்தரவு. நான் என்ன செய்ய?” என்ற டீச்சர், பேச்சோடு செல்போனை என் பக்கம் திருப்பினார். என் கண் தானாகச் சிமிட்டியது. உடனே பச்சை டிக். மாவுப் பொட்டலம் என் கைக்கு வந்தது.

“நீக்குங்கன்னேனே!”

“எனக்குத் தெரியாதாட்டி? பேரை நீக்கணும்னா இந்த ஆப் சான்று கேக்குதே. பி.ஏ. படிச்சவ, புரிஞ்சுக்கோ.”

“பொறந்த ஒன்பது நாள்ல போயிட்டான். பால் கட்டி மாரு வலிக்கு டீச்சர். இதைவிட என்ன சான்று வேணும்?”



பொட்டலத்தை அல்ஃபியா மடியில் வைத்தேன்.

“மாசாமாசம் நான் வந்து மூஞ்சியக் காட்டுதேன். நீ ஒம்புள்ளையத் தேத்து.”

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.