உள்ளே விடாத சர்வர்

சோம்பா கல்லூரியின் சர்வர் லிம்பானியை மறுபடியும் வெளியே தள்ளியது. அதைத் தன் கையால் நிறுவியவனே அவன்தான்.

"என்னப்பா, உன்னையே உள்ள விடமாட்டேங்குதா? தியாமிகேவைக் கூப்பிடட்டுமா?" என்று சிரித்தார் நூலகர் வைசன்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அவனுக்கு வயிறு எரிந்தது. போன வருஷம் வேலைக்கு வந்தவள்; அவளுக்கு லினக்ஸ் பழக்கிவிட்டதே அவன்தான். இப்போது யாருக்கு எந்தக் கோளாறு என்றாலும் தியாமிகே, தியாமிகே! காலியாகக் கிடக்கும் பிரிவுத் தலைவர் பதவியும் அவளுக்குத்தான் என்று ஊரெல்லாம் பேச்சு.

சர்வர் அறைக்குப் போய், எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கில் நுழைந்து தன் பெயரைத் தேடினான். அவன் கணக்கு உயிரோடுதான் இருந்தது. கடவுச்சொல்லிலும் குறையில்லை. ஆனால் சர்வருக்குள் நுழைய அனுமதி பெற்ற தொழில்நுட்பக் குழுவில் அவன் பெயரைக் காணோம். தியாமிகேவின் பெயர் மட்டும் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

அவனைத் தவிர, அந்தக் குழுவில் கைவைக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

"பதவி வர்றதுக்குள்ள என்னையே வெளிய தள்ளிட்டாளா!"

அதே சூட்டில் முதல்வர் அறைக் கதவைத் தள்ளினான். உள்ளே முதல்வர் ஜெரே அம்மாவும் தியாமிகேவும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் ஒரு தட்டு நிறைய மண்டாசிப் பணியாரம். கொண்டாட்டம் வேறா?

"மேடம், ஒண்ணு இவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இப்பவே சொல்லுங்க!"

தியாமிகேவின் முகம் வெளுத்தது. "அண்ணே, உள்ள போக முடியலையா? ஐயோ, தப்பு என்னோடதுதான். நேத்து மேடம் சொன்னாங்கன்னு உங்க பேரைப் புதுக் குழுவுக்கு மாத்தினேன். அந்தக் குழுவையும் சர்வர் உள்ள விடணும்னு எழுத மறந்துட்டேன்."

"எந்தக் குழு?" என்று உறுமினான்.

"பிரிவுத் தலைவர்கள் குழு" என்றார் ஜெரே அம்மா. பணியாரத் தட்டை அவன் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"இவ இருக்கணுமா வேண்டாமான்னு இனிமே நீங்கதான் சொல்லணும், லிம்பானி."