ஒன்றாம் நம்பர் குப்பி

“உண்மையைச் சொல்லிடுங்க. இந்த ரத்தம் எங்கேயிருந்து வந்தது?”

பேராசிரியை கேட்ட தோரணையில், செய்யாத தப்பைக்கூட ஒப்புக்கொண்டுவிடலாமா என்றிருந்தது மரபணு ஆய்வாளருக்கு.

“மருத்துவ முகாம்ல நர்ஸ் எடுத்து அனுப்பினது மேடம். முந்நூத்திப் பதினேழாம் நம்பர்.”

“அப்புறம் எப்படி அது நம்ம ஒண்ணாம் நம்பரோட அச்சு அசலாப் பொருந்துது? மரபணுவுல ஆறு லட்சம் இடத்துல ஒப்பிட்டாச்சு. ஒரு இடம்கூட மாறலை!”

அந்த ஆய்வுக்கூடத்தில் ஒன்றாம் நம்பர் குப்பி இருபது வருடமாக இருக்கிறது. எவருடைய மரபணுவைச் சோதித்தாலும் கூடவே அதையும் சோதிப்பார்கள். அதன் முடிவு வழக்கம்போல வந்தால் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். அது யாருடைய ரத்தம் என்பது மட்டும் பேராசிரியையைத் தவிர யாருக்கும் தெரியாது.

“வேலை மிச்சம்னு ஒண்ணாம் நம்பரையே ஊத்தி வெச்சுட்டீங்க. அப்படித்தானே?”

“என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்லை மேடம்! ஒருவேளை இரட்டைப் பிறவியா இருந்தா…”

“எனக்கேவா பாடம்? முப்பது வருஷமா இரட்டையர் ஆராய்ச்சிதான் பண்ணிட்டிருக்கேன். ஒண்ணாம் நம்பருக்குக் கூடப்பிறந்தவங்க யாருமே கிடையாது. எனக்கு நல்லாத் தெரியும்.”

எப்படித் தெரியும் என்று கேட்க ஆய்வாளருக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் மேசைமேல் அவருடைய வேலைநீக்கக் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

நிழலைக்கூட நம்பாதவர் என்று பேராசிரியைக்குப் பெயர். தெரிந்த ரத்தத்தையே புதுப் பெயர் ஒட்டி அனுப்பி, ஊழியர்களை ஆழம் பார்ப்பார். இதுவும் அவர் வைத்த பொறிதானோ? ஆய்வாளருக்குச் சந்தேகம் தட்டியது.

“நர்ஸையே கேட்டுடுங்க மேடம்.”

பேராசிரியை போனை ஸ்பீக்கரில் போட்டார். “முந்நூத்திப் பதினேழு ஞாபகம் இருக்கா?”

நர்ஸ் கலகலவென்று சிரித்தார். “மறக்க முடியுமா மேடம்? என்னைச் சோதிக்க நீங்களே வேற பேர்ல வந்து கையை நீட்டினீங்களே! முடிக்குச் சாயம் போடாம வந்தா கண்டுபிடிக்க மாட்டேனா? நானும் தெரியாத மாதிரியே எடுத்து அனுப்பிட்டேன்.”

ஆக, நினைத்தது சரிதான்! ஆய்வாளருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பொறி வெச்சதே நீங்கதானா மேடம்? ஒண்ணாம் நம்பரும் உங்க ரத்தம்தானா?”

“ஆமா. என் ரத்தம்தான்.” பேராசிரியையின் முகம் வெளிறியிருந்தது. “ஆனா நான் அந்த முகாம் பக்கமே வரலையே…”

“போங்க மேடம்!” என்றார் நர்ஸ். “பிறந்த அன்னிக்கே என்னை யாரோ ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டுப் போயிட்டாங்க, அநாதை விடுதியிலதான் வளர்ந்தேன்னு கதை வேற சொன்னீங்களே! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.”

பேராசிரியை வேலைநீக்கக் கடிதத்தைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் பேனாவை வைத்தார்.

“அந்த… அந்த அம்மாவோட விலாசத்தைச் சொல்லுங்க.”