காசுமாலைக்குக் காவல்

தஞ்சாவூர் அருங்காட்சியகத்தில் நகைக் கண்காட்சி. காவலுக்கு நின்ற அன்பரசனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த அம்மாள் மூன்றாவது நாளாக அதே காசுமாலையின் முன்னால் நிற்கிறார்.

"மத்த நகையெல்லாம் பாக்கலையாம்மா?"

"இது போதும் தம்பி."

"அப்படி என்ன இருக்கு இதுல?"

"போன மாசியில கத்தரிக்கன்னு வைக்கக் கொல்லையைக் கொத்துனேன். மண்வெட்டியில மாட்டிக்கிட்டு வந்துச்சு. அன்னைக்கே தாலுகா ஆபீஸுக்குத் தகவல் சொல்லி ஒப்படைச்சிட்டேன்."

அன்பரசன் குனிந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அட்டையைப் படித்தான். 'கண்டெடுத்தவர்: பொன்னுத்தாய், வலங்கைமான்.'

"ஒரு தடவையாவது போட்டுப் பாத்தீங்களா?"

"எங்க? ஒரே சேறா இருந்துச்சு. கழுவுறதுக்குள்ள வந்து சீல் வச்சுட்டாங்க."

அவன் அவரை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னான். பெட்டியின் கண்ணாடியில் நிழலாகத் தெரிந்த பொன்னுத்தாயின் கழுத்தில் காசுமாலை அச்சாகப் பொருந்தியது. அவர் மெல்ல முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"அப்படியே நில்லுங்கம்மா, போட்டோ எடுக்கிறேன்."