கூடையில் வந்த பொண்ணு

"உங்க ஆமைக்கு இன்னும் ஜோடி எதுவும் பாக்கலையே சார்?"

சாவிக்காரர் கையிலிருந்த அரம் நழுவிக் கீழே விழுந்தது. வாசலில் நின்றவள் பின்வீட்டுத் தையல்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில்தான் என்றாலும், இருவரும் நேருக்கு நேர் பேசுவது இதுதான் முதல் தடவை.

"என்கிட்ட ஆமை இருக்குன்னு யார் சொன்னா?"

"காய்கறிக் கடைக்காரர்தான். ஆமைக்குன்னு கோஸ் இலை கேட்டு வாங்கறது நீங்களும் நானும் மட்டும்தானாம். எங்க வீட்ல ஒரு பொண்ணு இருக்கா சார். மத்தியானம் ஆனா செடிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறா. பொழுது சாயறப்பதான் முகத்தையே காட்டறா. தனியா இருந்து இருந்து ஏங்கிப் போயிட்டாளோன்னு பயமா இருக்கு."

சாவிக்காரர் அரத்தைத் தேடி எடுக்க ரொம்ப நேரம் ஆனது.

"நம்மளுது பையன்," என்றார் நிமிர்ந்து. "அவனும் ஒரு மாதிரியாத்தான் இருக்கான்."

"அப்ப பேச்சே வேண்டாம். நாளைக்குப் பத்து மணிக்குப் பொண்ணோட வந்துடறேன்."

சொன்னபடி வந்தாள். கூடையை மேஜைமேல் வைத்துத் துணியை விலக்கினாள். துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ் அவள் விரல்களை விட்டு என்றைக்குமே போனதில்லை. தூக்கி வைத்த அவசரத்தில் ஆமையின் ஓட்டிலும் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன.

சாவிக்காரர் ஆமையை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஓட்டை மெதுவாகத் துடைத்தார்.

"பொண்ணு லட்சணமா இருக்கா."

கைக்குட்டை திட்டுத் திட்டாக நீலம் பாய்ந்திருந்தது. பாவம், தனிக்கட்டை, துணிக்கு நீலம் போடக்கூடத் தெரியவில்லை என்று அவள் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். அவளும் தனிக்கட்டைதான். ஆனால் அவளுக்குத் துவைக்கத் தெரியும்.

"மாப்பிள்ளை எங்கே சார்?"

"கூச்ச சுபாவம். ஆள் வர்றாங்கன்னா மறைஞ்சுடுவான். நாளைக்குப் பாக்கலாமே. டீ குடிக்கிறீங்களா?"

குடித்தாள். வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்து நிற்கிறவர்களின் கதைகளை அவர் வரிசையாக எடுத்து விட்டார். அதில் ஒருத்தர் இரவு உடையும் ஒற்றைச் செருப்புமாக வந்தாராம். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று வீட்டுக்கு நடக்கும்போது யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

அன்று மத்தியானமும் பொண்ணைக் காணோம். இன்றைக்கு விடுவதில்லை என்று தையலை நிறுத்திவிட்டுத் தேடினாள். செடிகளுக்குப் பின்னால் மதிலின் அடியில் ஒரு ஓட்டை இருந்தது. மண்ணில் படுத்து ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் சாவிக்காரரின் கையிலிருந்து கோஸ் இலையை வாங்கி மென்றுகொண்டிருந்தான் 'பையன்'. முன்னங்காலில் ஒரு நகம் இல்லை. அவள் வீட்டுப் பொண்ணுக்கும் அதே காலில் அதே நகம் இல்லை.

"அடிப்பாவி! ரெண்டு வீட்டுச் சாப்பாடா?"

ஓடிப்போய்ச் சொல்லிச் சிரிக்கத்தான் எழுந்தாள். இரண்டு எட்டு வைத்ததும் கால் நின்றுவிட்டது. சொல்லிவிட்டால்? நாளைக்குப் பத்து மணிக்குக் கூடையும் கிடையாது, டீயும் கிடையாது. மறுபடியும் தையல் மிஷின் சத்தம் மட்டும்தான். அவள் புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஒன்றும் தெரியாத முகத்தோடு கூடையும் கையுமாக அவர் வாசலில் நின்றாள்.

"இன்னிக்காவது மாப்பிள்ளை தரிசனம் கிடைக்குமா?"

"இப்பத்தான் இங்கே சுத்திக்கிட்டிருந்தான். உக்காருங்க, டீ போடறேன்."

ஆறு வாரம் இப்படியே ஓடியது. ஒருநாள் மாப்பிள்ளைக்குத் தூக்கம், இன்னொரு நாள் ஜலதோஷம். அவர் சொல்லச் சொல்ல இவள் கூசாமல் தலையாட்டினாள். கூடைக்குள் இருந்த ஜீவன் மட்டும் கழுத்தை நீட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. இவ்வளவு வெள்ளை மனசுக்காரரை ஏமாற்றுகிறோமே என்று அவளுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஆனாலும் பத்து மணி ஆனால் கை தானாகக் கூடையைத் தேடியது.

ஏழாவது வாரம் ஒருநாள் அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கால்நடை டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஆமைக்குத் துணையே தேவையில்லையாம். தனியா இருந்தாத்தான் அதுக்கு நிம்மதியாம். ரெண்டைச் சேத்து விட்டா முட்டிக்கிட்டு நிக்குமாம்."

அவளும் கோப்பையைக் கீழே வைத்தாள். டீ பாதியில் நின்றது. மெல்ல எழுந்து கூடையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அப்ப இந்தச் சம்பந்தம் வேண்டாம்... சரி சார். இனிமே உங்களைத் தொந்தரவு பண்ணல."

"டாக்டர் ஆமையைப் பத்தி மட்டும்தான் சொன்னார். நீங்க உக்காருங்க."

அவர் கூடைத் துணியை விலக்கி, பழையபடி ஓட்டைத் துடைத்துவிட்டு, கைக்குட்டையை உதறி அவள் முன்னால் விரித்தார்.

"நாளையிலேருந்து மட்டும் கையைக் கழுவிட்டு இவனைத் தூக்குங்க. உங்க நீலச் சாக்பீஸைத் துடைச்சுத் துடைச்சு, ரெண்டு வருஷமா என்கிட்ட ஒரு வெள்ளைக் கைக்குட்டைகூட மிஞ்சல."