தண்ணீர் வராத பள்ளம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் புதுச் சாலை போட அளந்துகொண்டு வந்த என்ஜினீயர் சேஷாத்ரி, சானமாவு கிராமத்துக்குக் கிழக்கே ஒரு பள்ளத்தில் நின்றார்.

"மழைக்காலத்துல இங்கே தண்ணி வருமா?"

"ஒரு சொட்டு வராதுங்க சாமி" என்றான், அங்கே உழுதுகொண்டிருந்த திம்மராயன்.

ஊரில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொன்னார்கள். சேஷாத்ரி பாலம் வைக்காமலே மண்மேடு எழுப்பிச் சாலையைப் போட்டுவிட்டார்.

ஐப்பசி மழையில் சாலைக்கு மேல்புறம் கடலாகிவிட்டதாகத் தகவல் வந்தது. ஜீப்பில் விரைந்தார். சாலைமேல் ஊரே நின்று சிரித்துக்கொண்டிருந்தது.

"ஏன்யா பொய் சொன்னே? முழுகிக் கிடக்கிற நிலம் யாரோடது?" என்று திம்மராயனைக் கேட்டார் சேஷாத்ரி.

"என்னுதுதாங்க. எனக்கு இருந்ததே அவ்வளவுதான்." திம்மராயன் கைகட்டி நின்றான். "ஒரு ஏரி வெட்டிக் குடுங்கன்னு எங்கப்பன் காலத்துலேருந்து கேக்குறோம். யாரும் குடுக்கல. நீங்க கரை மாதிரி ரோடு போட வந்தீங்க. என் நிலம் போனா போவுது, ஊருக்குத் தண்ணி நிக்கட்டும்னு எல்லாருமா பேசி வச்சிக்கிட்டோம்."

சேஷாத்ரி மண்மேட்டைக் குனிந்து பார்த்தார். சாலையின் மறுபுறம் தண்ணீர் கசிந்து மண் சரியத் தொடங்கியிருந்தது. உடைந்தால் கீழே உள்ள ஊர் மிஞ்சாது.

"ரோட்டை வெட்டித் தண்ணியை விடுங்கப்பா" என்றார் தன்னோடு வந்த கூலியாட்களிடம்.

மாலைக்குள் தண்ணீர் முழுவதும் ஓடிவிட்டது. திம்மராயனின் நிலத்தில் முழங்காலளவு மணல்தான் மிஞ்சியது.

மறுநாள் அங்கே பாலம் கட்டக் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். முதல் ஆளாகத் திம்மராயன் வந்து நின்றான்.