ராஜகுமாரன் திரும்பி வந்தான்

"அப்புறம் என்ன ஆச்சும்மா? சொல்லு!"

தையல் மெஷின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, பையன் அம்மாவின் முழங்காலைப் பிடித்து உலுக்கினான். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இந்தக் கம்பெனிக்குத்தான் வருவான். அவள் காலர் தைக்கிறவள். கை துணியில் ஓடும், வாய் கதையில் ஓடும்.

"அப்புறம் என்ன? மலையெல்லாம் தாண்டிப் போயி, 'என்னைக் கட்டிக்கிறியா?'ன்னு கேட்டான் ராஜகுமாரன். 'மாட்டேன்'னுட்டா அந்தப் பொண்ணு. 'சரி'ன்னு வீட்டுக்குத் திரும்பி வந்துட்டான்."

"சும்மாவா வந்தான்?"

"கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம் அடுப்பைப் பத்த வெச்சு சமைச்சான். அம்மாவுக்கும் போட்டு, தானும் சாப்பிட்டான். கிழிஞ்ச சட்டையைத் தெச்சு மாட்டிக்கிட்டு வேலைக்குப் போனான்."

மேசையில் துணி விரித்துக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இதுக்கா அவ்வளவு தூரம் போனான்? குதிரைக்குப் புல்லு போட்ட காசுகூடத் தேறலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தைத்து முடித்த காலர்களை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

மாஸ்டர் பையனைக் கூப்பிட்டார்.

"டேய், இங்க வா. நெசக் கதையை நான் சொல்றேன். மாட்டேன்னா விட்டுருவானா? ஆம்பளடா அவன்! முடியைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டு வந்து குதிரை மேல போட்டான். அவ கத்துறா, கதறுறா. விட்டானா?"

"விடல!" பையன் துள்ளினான். மேசையில் கிடந்த ஸ்கேலை எடுத்துக் கத்தி மாதிரி வீசினான். "சூப்பர் மாமா! இன்னொரு தடவை சொல்லுங்க!"

உள்ளேயிருந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

விறுவிறுவென்று வந்தாள். மகன் கையிலிருந்த ஸ்கேலைப் பிடுங்கி எறிந்தாள். மாஸ்டர் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள்.

மெஷின்களெல்லாம் நின்றுபோயின.

"வாடா," என்று அழுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

மாஸ்டருக்குக் கன்னத்தைவிட மானம்தான் எரிந்தது.

"ஒரு கதை சொன்னதுக்கா கை நீட்டுவா? என்னா கொழுப்பு! முதலாளி வரட்டும். நாளையிலேருந்து இவளுக்கு இங்க வேலை கிடையாது."

"விளையாட்டுக்குச் சொன்னதுக்குப் போய் இப்படியா?" என்றார்கள் மற்றவர்களும்.

காஜா எடுக்கிற அம்மாள் மட்டும் எழுந்து மாஸ்டர் கிட்டே வந்தாள்.

"அவ பொழப்புல கை வெச்சுராதீங்க மாஸ்டர். முன்னாடி எங்க தெருவுலதான் இருந்தா. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? புருஷன்காரன் அடிச்சே கொல்றானா?"

"அவரு போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு."

மாஸ்டரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்போ... அவ பொண்ணை எவனாவது ஏதாவது பண்ணிட்டானா?"

"அவளுக்குப் பொண்ணே கிடையாது மாஸ்டர். ரெண்டும் பையன்தான். மாட்டேன்னு சொன்ன ஒரு பொண்ணைக் கொன்னுட்டு, மூத்தவன் ஜெயில்ல இருக்கான்."